உப்புக்காற்றும் அழிக்கதவும்

வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் தூத்துக்குடிக்குள் கடல்காற்று நுழையும். பீச் ரோட்டிலும் கிரேட் காட்டன் ரோட்டிலும், அவற்றிலிருந்து பிரியும் குறுகிய தெருக்களிலும் ஒரு காலத்தில் வீடு கட்டியவர்கள் அந்தக் காற்றுக்கு வழிவிட்டே வாசல் வைத்தார்கள். தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் தார்சா என்கிற முன்கூடம். தார்சாவின் முகப்பில் மரக்கம்பிகளால் இடைவெளி விட்டுச் செய்த அழிக்கதவு. அதைத் தாண்டினால் பட்டாசல் என்கிற உள்கூடத்துக்குக் கனத்த பலகைக் கதவு. பகல் முழுக்கப் பலகைக் கதவு விரியத் திறந்து கிடக்கும். அழிக்கதவு மட்டும் சாத்தியிருக்கும். ஆடும் நாயும் ஏறாது. காற்று தாராளமாக வரும். வெயில் கட்டம் கட்டமாக அறுபட்டுத் தரையில் விழும். உள்ளே பாய் விரித்துப் படுத்திருப்பவருக்குத் தெருவில் போகிற ஆளின் முகம் தெரியும். தெருவில் போகிறவருக்கோ உள்ளே இருட்டுதான் தெரியும்.

அந்தக் கதவுகள் இப்போது நிலையோடு பெயர்ந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கின்றன. வீடு இடிக்கக் காண்ட்ராக்ட் எடுப்பவர் முதலில் கழற்றுவது கதவையும் ஜன்னலையும்தான். செங்கல்லுக்கு முன்னால் காசாவது அவைதான். சில மாதங்கள் கழித்து அதே கதவு கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒரு காபிக் கடையிலோ, பெங்களூரு அடுக்ககத்தின் வரவேற்பறையிலோ, பின்னால் மஞ்சள் விளக்கு எரிய, சுவரோடு சுவராக ஆணியடித்து நிற்கும்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. விறகாகப் போகவிருந்ததை ஒருவர் காசு கொடுத்துக் காப்பாற்றினார் என்பதும் உண்மை. ஆனால் பின்னால் சுவர் இருக்கும் அழிக்கதவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. காற்றை விடவும் வெயிலை வடிக்கவும் செய்த பொருள் அது. அந்த வேலையை அதற்குத் திரும்பக் கொடுக்கிற வீடுதான் அதை வாங்கி வைக்கத் தகுந்த வீடு. பழைய கதவு வாங்கும் ஆசை பெருகியிருக்கும் இந்த நேரத்தில், வாங்குகிறவர்களிடமும் விற்கிறவர்களிடமும் சொல்ல வேண்டியதாக எனக்குப் படுவது இதுதான்.

முத்தும் பஞ்சும் கட்டிய வீடுகள்

இந்தக் கடற்கரையின் செல்வம் கடலுக்கு அடியிலிருந்தும் கடலுக்கு அப்பாலிருந்தும் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், 1825-க்குப் பிறகு முழுதாக ஆங்கிலேயர் என்று கை மாறிய ஊர். கடலடிப் பார்களில் முத்துக் குளித்த பரதவர்களும், முத்தை விலை பேசிய வணிகர்களும், பின்னால் பருத்தியை ஏற்றுமதி செய்தவர்களும் இங்கே வீடு கட்டினார்கள். 1876-ல் ரயில் வந்து சேர்ந்தது. கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட, சரக்கையும் ஆட்களையும் தோணிகள் ஏற்றி இறக்கின. 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை இலங்கைக்குப் போகிற ரயில் பயணிகளின் வாசல் தூத்துக்குடிதான். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு இல்லை. முத்துப் பணம் நின்றது. அந்தப் பணத்தில் எழுந்த வீடுகள் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தன.

அந்த வீடுகளின் சுவர்களில் பலவற்றில் கடலிலிருந்து எடுத்த பவளக்கல் இருக்கிறது. சுண்ணாம்பும் அதே பவளத்தையும் சிப்பியையும் சுட்டு எடுத்ததுதான். பவளம் எடுத்ததற்கான விலையை மன்னார் வளைகுடா கொடுத்துவிட்டது. தூத்துக்குடியை ஒட்டிய விலங்குசல்லித் தீவு நீருக்குள் போய்விட்டது. 2001-ல் பவளப் பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. அது சரியான முடிவு. அதனால் அந்தச் சுவரை இனி யாரும் திரும்பக் கட்ட முடியாது. இடிக்கிற ஒவ்வொரு பவளக்கல் வீடும் மறுபடி வராத வீடு. அழிக்கதவு அந்தச் சுவரோடு சேர்ந்தே வேலை செய்தது: தடித்த சுவர் பகல் சூட்டை மெல்ல வாங்கியது, கதவு காற்றை ஓட விட்டது.

அழி வேலையில் பல வகை உண்டு. எளியது, நேராக நிற்கும் மரக்கம்பிகளை மேலும் கீழும் சட்டத்தில் துளைத்து இறக்குவது. அடுத்தது கிராதி: சாய்ந்த பட்டைகள் ஒன்றை ஒன்று வெட்டும் இடத்தில் இரண்டிலும் பாதிப் பாதி செதுக்கி, ஒன்றுக்குள் ஒன்று படிய வைப்பது. பணம் இருந்தவர்கள் கடைசல் பிடித்த சின்னக் கால்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஆறடிக் கதவில் கிராதி போட நூற்றுக்கணக்கான வெட்டு வேண்டும். ஒரு வெட்டு நூலளவு பிசகினாலும் கட்டம் கோணும். பழைய கதவின் பின்பக்கத்தில் பென்சில் கோடும் உளித்தடமும் இன்னும் தெரியும். ஆசாரி கையெழுத்துப் போடவில்லை, ஆனால் அவர் கை அங்கே இருக்கிறது. தோணி கட்டும் ஓடாவிகளும் இந்தக் கரையில் இருந்ததால் உப்புக்காற்றில் எந்த மரம் நிற்கும், எந்த ஆணி தங்காது என்பது இரண்டு தொழிலுக்கும் பொதுவான அறிவாக இருந்தது. கடலோரத்துப் பழைய கதவுகளில் இரும்பைக் குறைத்து மர ஆணியும் பித்தளையும் போட்டதற்குக் காரணம் அதுதான்.

அழிக்கு உள்ளே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் பெண்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் ஆண்கள் நடக்கும் தெருக்களுக்கு இடையே பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வரத் தனி முடுக்குகள் விட்டே ஊரை அமைத்திருக்கிறார்கள். இன்னும் தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில், கல்லால் ஆன நவராத்திரி மண்டபத்தின் ஓரத்தில் மரத்திரை வைத்த அறை இருக்கிறது. அரண்மனைப் பெண்கள் ஆட்டமும் பாட்டும் பார்த்தது அந்தத் துளைகள் வழியாகத்தான். 1799-ல் எழுந்த ஜெய்ப்பூர் ஹவா மஹாலின் ஜன்னல்களும் அதே காரியத்துக்குத்தான். பார்க்கலாம், ஆனால் பார்வைக்கு அகப்படக் கூடாது என்ற கட்டளையை மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். இந்தக் கதவை மாட்டுகிறவர்கள் அந்தக் கட்டளையைத் தூக்கி எறிந்துவிட்டுக் காற்றையும் நிழலையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அழிக்குப் பின்னால் ஈஸிசேர் போட்டு உட்காரும் பெண், தன் விருப்பத்துக்கு எழுந்து கதவைத் திறந்து தெருவுக்குப் போகிறவள்.

காரைக்குடி வழி

தூத்துக்குடிக் கதவு என்று கடைக்காரர் சொல்வது பல நேரம் செட்டிநாட்டுக் கதவாக இருக்கும். பழங்கதவு வணிகத்தின் தலைநகரம் காரைக்குடி. முனீஸ்வரன் கோவில் தெருவில் கடை கடையாக நிலைகளும் தூண்களும் சாய்த்து வைத்திருப்பார்கள். இடையில் பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா அச்சுப்படம். அங்கே அவை எப்படி வந்தன என்பது பர்மாவோடு சேர்ந்த கதை. ஐராவதி டெல்டாவின் நெல்விவசாயத்துக்கு வட்டிக்குப் பணம் கொடுத்து வளர்ந்த செட்டிநாட்டு நகரத்தார், தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து மாளிகை கட்டினார்கள். 1930-களின் மந்தம், 1942-ல் ஜப்பானியர் படையெடுப்பு, பிறகு பர்மா அரசு நிலத்தையும் வங்கிகளையும் எடுத்துக்கொண்டது என்று அடி மேல் அடி. வீடு மிஞ்சியது; அதைப் பராமரிக்க வருமானம் மிஞ்சவில்லை. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஆளுக்கு ஓர் ஊர், ஒரு நாடு. எல்லாரும் சேர்ந்து ஓடு மாற்றுவதைவிட எல்லாரும் சேர்ந்து விற்பது எளிதாகிப் போனது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அதன் பிறகும் தூண்கள் லாரி ஏறுவது நின்றபாடில்லை.

வாங்கப் போகிறவர்கள் ஏமாறாமலிருக்கச் சில அடையாளங்கள் உண்டு. புது மரத்தில் கதவு செய்து, கறையேற்றி, சங்கிலியால் அடித்துத் தழும்பு உண்டாக்கி விற்பதும் நடக்கிறது. உண்மையில் பழையதானால் தேய்மானம் காரணத்தோடு இருக்கும்: நாதாங்கி உரசிய இடத்தில் பிறைவடிவக் குழி, கை படும் உயரத்தில் வழுவழுப்பு, கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் பட்ட நிறமாற்றம். கீல் மாற்றிய பழைய துளைகள் அடைபட்டிருக்கும். கிராதியின் உள்மூலைகளில் நீலம், பச்சை, காவி என்று சாயம் அடுக்கடுக்காகத் தங்கியிருக்கும். அந்த அடுக்கைப் போலியாகச் செய்வது கடினம். தழும்பு கதவெங்கும் ஒரே மாதிரி பரவியிருந்தால் நம்ப வேண்டாம். பழைய கதவெல்லாம் பர்மா தேக்கு என்பதும் சரியில்லை. நடுத்தர வீடுகளில் பலா, வேம்பு, பூவரசு, அயினி எல்லாம் பயன்பட்டன. அவையும் நல்ல மரங்களே, தேக்கின் விலையை மட்டும் கொடுக்கக் கூடாது. தேக்கே ஆனாலும் வைரம் பாய்ந்த பகுதியைத்தான் கரையான் தொடாது. வெளிறு கலந்த பட்டைகள் உள்ளே உளுத்திருக்கும். விரல் முட்டியால் ஒவ்வொரு பட்டையையும் தட்டிப் பார்க்கலாம், சத்தமே சொல்லிவிடும்.

கடலுக்கு அந்தப் பக்கம்

பழைய கதவையும் தூணையும் புது வீட்டுக்குள் உயிரோடு சேர்த்த கலையில் நம் கரைக்கு நேர் எதிரே ஒரு பாடம் இருக்கிறது. கொழும்பு பேகடெல் சாலையின் 33-ஆம் சந்தில், கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1950-களின் கடைசியில் சிறு வீடுகள் வரிசையில் ஒன்றில் குடியேறி, அடுத்த பத்தாண்டில் பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே வீடாக மாற்றினார். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இடிபட்ட கட்டடங்களிலிருந்து எடுத்த பொருள்கள் அந்த வீட்டில் ஆங்காங்கே பொருந்தியிருக்கின்றன. அவர் அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை. தூண் கூரையைத் தாங்குகிறது. கதவு ஓர் அறையை மூடுகிறது, இன்னோர் அறையைத் திறக்கிறது. சின்னச் சின்ன முற்றங்கள் வழியே வானமும் மழையும் வீட்டுக்குள் இறங்குகின்றன. நம் அடுக்ககங்களுக்கு முற்றம் கிடைக்காது. ஆனால் பழைய பொருளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்ற அந்த ஒழுங்கு எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

அவரே 1960-களின் தொடக்கத்தில் துணிக்கலைஞர் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு கொழும்பில் நிற்க முடியாத நிலை வந்தபோது, 2009 வாக்கில் அதைக் கல் கல்லாகப் பிரித்து எண் போட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கை தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். 2016-ல் அது முடிந்தது. நம் பக்கத்தில் 1996-ல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகமும் இதே வழியில் இடிபடவிருந்த வீடுகளை வாங்கிப் பிரித்து மறுபடி எழுப்பியதுதான். கதவு தனியாகப் போகாமல் வீட்டோடு போனால் அதன் நிலை, படி, உயரம், திசை எல்லாம் கூடவே போகின்றன. எல்லா வீட்டுக்கும் இது நடக்காது என்பது எனக்கும் தெரியும்.

வேலை கொடுப்பது எப்படி

அடுக்ககத்தில் அழிக்கதவுக்கு மிகச் சரியான இடம் பால்கனிக்கும் கூடத்துக்கும் நடுவில். கண்ணாடித் தள்ளுகதவுக்கு முன்னால் இதைத் தனி நிலையில் நிறுத்தினால், மாலையில் கண்ணாடியைத் தள்ளிவிட்டு அழியைச் சாத்தலாம். அழிக்கதவு காற்றைக் குளிர்விப்பதில்லை. வெயிலைத் தடுத்து ஓட்டத்தை விடுகிறது, அவ்வளவே. அதனால் எதிர்ப்பக்கம் காற்று வெளியேற ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடுக்களைக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் இடையில், பூஜை அறை வாசலில், மாடிப்படி அடியில் வைத்தாலும் நன்றாக இருக்கும். கொசு இருக்கிறதே என்பவர்கள் உள்பக்கம் கழற்றி மாட்டும் சட்டத்தில் வலை பொருத்திக்கொள்ளலாம். வலையைக் கிராதியின் மேலேயே அறைந்தால் தூசி நடுவில் அடைந்து இரண்டும் வீணாகும். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் பார்வை தலைகீழாகும், வெளியில் இருப்பவருக்கு உள்ளே எல்லாம் தெரியும். அதற்குத்தான் பழைய வீடுகளில் உள்ளே பலகைக் கதவு இருந்தது. புது வீட்டில் ஒரு பருத்தித் திரை போதும்.

பழைய கதவு பெரும்பாலும் குட்டை. இப்போதைய ஏழடி வாசலுக்கு எட்டாது. சட்டம் ஒட்டி நீட்டுவதைவிட மேலே ஒரு காற்றுப்பலகை வைத்து இடைவெளியை நிரப்புவது அழகு, கதவும் கெடாது. நிலையோடு வாங்குங்கள். நிலையில்லாமல் வாங்கிய கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பதே தெரியாமல் போகும். எடை அதிகம் என்பதால் உள்ளீடற்ற பிளாக் சுவரில் தனித்து மாட்ட வேண்டாம்.

சாயம் சுரண்டும்போது கவனம். இந்தியாவில் வீட்டுச் சாயங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் தாராளமாக இருக்கலாம். மெஷின் வைத்து உலரத் தேய்த்தால் ஈயத்தூள் வீடு முழுக்கப் பரவும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அது விஷம். வீட்டுக்கு வெளியே, சாயம் நீக்கும் பசை தடவி, ஈரத்தோடு வழித்து எடுக்க வேண்டும். எல்லாச் சாயத்தையும் எடுக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். மூலையில் தங்கிய நீலத்தை விட்டுவைத்த கதவுகள்தான் எனக்குப் பிடித்தவை.

பிறகு ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாக இரண்டு மூன்று தடவை. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போடுவது கட்டாயம். கடலோர ஊர்களில் சாதாரண இரும்பு ஆணி துருப்பிடித்துப் பருத்து மரத்தையே பிளக்கும். ஆணியைச் சுற்றிக் கறுத்துப் பிளந்த பட்டைகளைப் பழைய கதவுகளில் பார்க்கலாம். பித்தளைத் திருகாணி நல்லது. துருப்பிடிக்காத எஃகு என்றால் 316 தரம் கேளுங்கள்.

கடைசல், கிராதி என்று இவ்வளவு பார்ப்பது அழகுக்காக மட்டும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டமே தண்ணீரில் நின்றது. ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை அது. அப்படி நாள்கணக்கில் ஊறினால் பிளைவுட் கதவு உப்பி, ஏடு ஏடாகப் பிரியும்; உள்ளே அட்டை வைத்த கதவு கூழாகும். முழு மரத்தில், பசையை நம்பாமல் துளையும் அதில் இறங்கும் கழுந்தும் மர ஆணியுமாகச் செய்த கதவு நிழலில் நிதானமாகக் காய்ந்தால் மறுபடி தன் சட்டத்துக்குள் அமரும். நெகிழ்ந்த இடத்தில் ஒரு மர ஆணி அடித்தால் போதும். பழுது பார்க்க முடியும் என்பதுதான் இந்தக் கதவின் பெரிய குணம். உடைந்தது ஒரு பட்டை என்றால் ஒரு பட்டையை மாற்றலாம்.

எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள்கள் தொல்பொருள் ஆகின்றன. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் வாழும் மகனுக்குப் பாட்டி வீட்டுக் கதவை அனுப்ப நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சட்டம் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு மதுரையே சாட்சி. மதனகோபாலசுவாமி கோவிலின் கல்தூண்களை 1912-ல் மதுரைக்கு வந்த அடிலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி விலைக்கு வாங்கினார். 1919 முதல் அவை பிலடெல்பியா அருங்காட்சியகத்தின் சொத்து. அங்கே நன்றாகப் பாதுகாக்கிறார்கள், ஆனால் மதுரைக்காரர் அவற்றைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும். தேர்ச் சிற்பம், கோவில் கதவு, வாகனத் துண்டு என்று கடையில் எது கண்ணில் பட்டாலும், எவ்வளவு மலிவானாலும், தொடாமல் வந்துவிடுங்கள்.

விற்கிற நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டை வைத்திருக்க முடியாத காரணங்கள் ஆயிரம் இருக்கும், அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் காண்ட்ராக்டர் வருமுன் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கதவையும் அது நிற்கிற இடத்தில் வைத்தே, திறந்தும் சாத்தியும், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் படம் எடுங்கள். அகலம், உயரம், எந்தத் திசை பார்த்தது, எந்தப் பக்கம் திறந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நிலைக்கும் கதவுக்கும் ஒரே எண்ணைப் பின்பக்கத்தில் போடுங்கள். கதவு எங்கே போனாலும் வாங்குபவரிடம் அந்தத் தாளின் ஒரு நகலைக் கொடுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, சுமாராக எந்த ஆண்டுக் கட்டடம் என்பது அதில் இருக்கட்டும். நல்ல கிராதி ஒன்றையாவது உள்ளூர் ஆசாரியிடம் காட்டி, அதே அளவில் புதிதாக ஒரு ஜன்னல் செய்யச் சொல்லுங்கள். பாதிப் பாதி வெட்டிப் படிய வைக்கும் வேலை தெரிந்த கைகள் தென் மாவட்டங்களில் இன்னும் இருக்கின்றன, கேட்பவர்கள்தான் குறைவு. கழற்றும்போது நிலையைச் சுற்றிய காரையை முதலில் உளியால் கொத்தி விடுவிக்க வேண்டும். நேரே கடப்பாரை கொடுத்து நெம்பினால் கழுந்து முறியும். கீல், கொண்டி, நாதாங்கி, பித்தளைக் குமிழ் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, அந்தக் கதவின் எண்ணை எழுதி, கதவோடு சேர்த்தே கட்டிவிடுங்கள்.